மாத்திரைக்கும் மதுவுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும்?

“காலையில் மாத்திரை சாப்பிட்டால் இரவில் மது அருந்தலாமா, எத்தனை மணி நேரம் விட்டால் போதும்?” என்பது கேள்வி.

மருந்துக்கடையில் பதினொரு ஆண்டுகள் நின்றவன் நான். இதை யாரும் உரக்கக் கேட்டதில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு இரண்டடி போய், திரும்பி வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் ‘நண்பர் ஒருவருக்காக’. அந்த நண்பரை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

எல்லா மாத்திரைக்கும் பொருந்தும் ஒரு கணக்கு கிடையாது. இரண்டும் வயிற்றில் சந்தித்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அவை சந்திப்பது ரத்தத்திலும் மூளையிலும் கல்லீரலிலும். பதற்றத்தைத் தணிக்கத் தரும் டயசிபாமைக் காலையில் விழுங்கினால் மாலையிலும் அது உடம்பில்தான் இருக்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். டயசிபாம், அல்பிரசோலம் போன்ற மருந்துகள் மூளையை அமைதிப்படுத்துகிற அதே வழியில்தான் மதுவும் செயல்படுகிறது. இரண்டும் சேர்ந்தால் தூக்கம் ஆழமாவதோடு நிற்காது, மூச்சும் மந்தமாகும். கோடீன் கலந்த இருமல் மருந்து, வலிக்குத் தரும் டிரமடால் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். இவற்றோடு குடித்துவிட்டு எழுப்பினாலும் எழாதவரைத் ‘தூங்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள், தனியாக விடாதீர்கள்.

மெட்ரோனிடசோல் வேறு வகை. வயிற்றுத் தொற்றுக்கும் பல் சீழுக்கும் எழுதித் தருவார்கள். மது உடம்பில் சிதையும்போது முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறுகிறது. அது தேங்கினால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். 1940களில் டென்மார்க்கில் டைசல்ஃபிராம் என்ற பொருளைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆய்வாளர்கள், அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோதுதான் இந்த விளைவு தெரிந்தது. குடியை விட வைக்கும் மருந்தாக அது மாறிய கதை இதுதான். மெட்ரோனிடசோலும் இப்படிச் செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் மது வேண்டாம் என்ற எச்சரிக்கை அப்படியேதான் இருக்கிறது. நானும் அதையே சொல்வேன்.

பாராசிட்டமாலைப் பற்றிப் பயமே இல்லாமல் கேட்பார்கள். எப்போதாவது ஒருநாள் குடிப்பவர் சரியான அளவில் சாப்பிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. தினமும் நிறையக் குடிப்பவரின் நிலை வேறு. அவருடைய கல்லீரல் இந்த மருந்திலிருந்து நச்சுப் பொருளை அதிகமாக உண்டாக்கும். அந்த நச்சை முறிக்கும் பொருளோ கல்லீரலின் கையிருப்பில் குறைந்திருக்கும். ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற வழக்கமான உச்சவரம்பு அவருக்குப் பொருந்தாது. அதற்குப் பதில் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் போடலாமே என்றால், அது மதுவோடு சேர்ந்து இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கலாம். மலம் கறுத்துப் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சர்க்கரை நோய்க்கான மாத்திரைதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை இன்சுலினைச் சுரக்கச் செய்து சர்க்கரையை இறக்குகின்றன. மிகவும் இறங்கிவிட்டால் கல்லீரல் தன் இருப்பிலிருந்து கொடுத்தும் புதிதாகச் செய்தும் ஈடுகட்டும். மதுவைச் சிதைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரலால் புதிதாகச் செய்ய முடியாது. சாப்பிடாமல் குடித்தவருக்கு இருப்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும். வியர்வை, தள்ளாட்டம், குழறல் எல்லாம் வரும். மது வாடையும் அடிக்கும். பார்ப்பவர் என்ன நினைப்பார்?

நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். ஓர் இரவு பெரிய மாமா இப்படித்தான் வந்து கட்டிலில் விழுந்தார். ‘போதை, தூங்கினால் சரியாகிவிடும்’ என்று போர்வை போர்த்திவிட்டவன் நான்தான். மருந்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்பவன்! அத்தைதான் சட்டை தொப்பலாக நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது குடித்த வியர்வை இல்லையடா” என்றார். சர்க்கரை பார்க்கும் கருவியில் 38 காட்டியது; மிகவும் குறைவு. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போனோம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மாமா பிழைத்தார். அத்தை அதற்குப் பிறகு என்னிடம் மருந்து பற்றி எதுவும் கேட்பதில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு: குடிக்கப் போகும் நாளில் மாத்திரையை விட்டுவிடுவது. வலிப்பு நோய்க்காரர் அப்படிச் செய்தால் அன்றிரவே வலிப்பு வரலாம். இதையெல்லாம் படித்துவிட்டு, பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று குடியை நிறுத்துவதும் ஆபத்துதான். கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகும். அது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

எல்லா மருந்தும் இப்படிப்பட்டவை அல்ல. கிருமித் தொற்றுக்குத் தரும் அமாக்சிசிலினுக்கு மதுவோடு பெரிய மோதல் எதுவும் இல்லை.

நீங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள்; குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நண்பருக்காகக் கேட்பதாகச் சொன்னாலும் பரவாயில்லை, நாங்கள் நம்பிக்கொள்வோம்.