பழைய மென்பொருள் சிடிகளை இமேஜ் எடுத்து (சிடியின் தகவல் முழுவதையும் அப்படியே ஃபைலாக நகலெடுத்து) இணையத்தில் ஏற்றுவதால் யாருக்காவது பயன் உண்டா? எப்படிச் செய்வது?

உண்டு. எனக்கே பயன்பட்டிருக்கிறது. அதனால்தான் நானும் இந்த வேலையில் இறங்கினேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய ஸ்கேனரைத் திரும்பவும் ஓட்ட வேண்டியிருந்தது. ஸ்கேனர் நன்றாகத்தான் இருந்தது, அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள்தான் இல்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பெயரையே எடுத்துவிட்டிருந்தார்கள். கேட்டு எழுதினால், புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதையே மூன்று விதமாகப் பதில் எழுதினார்கள். கடைசியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஸ்கேனரோடு வந்த சிடியை அப்படியே இமேஜ் எடுத்து ஏற்றி வைத்திருந்தார். அதுவரை அதைப் பதினோரு பேர்தான் பார்த்திருந்தார்கள்.

உங்கள் பழைய சிடிப் பெட்டியைத் திறந்ததும் விண்டோஸ் 98, பெயர்பெற்ற கேம்கள் என்று தெரிந்த சிடிகளைத்தான் முதலில் கையில் எடுப்பீர்கள். அவற்றை ஓரமாக வையுங்கள். அவை ஏற்கெனவே பல இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. யாரும் மதிக்காமல் கிடப்பவைதான் அரிது: மதர்போர்டோடு வந்த டிரைவர் சிடி, கணினிப் பத்திரிகைகளோடு இலவசமாக வந்தவை, ஷேர்வேர் (முதலில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்து, பிடித்தால் பணம் கட்டும் மென்பொருள்) தொகுப்புகள், குழந்தைகளுக்கான கல்வி மென்பொருள், ஆயிரம் கிளிப் ஆர்ட் என்று அட்டையில் பெருமையடிக்கும் சிடிகள். 1990களில் வால்நட் கிரீக் என்ற நிறுவனம் எஃப்டிபி தளங்களில் (ஃபைல்களை இறக்கிக்கொள்வதற்கான இணைய சேமிப்பிடங்களில்) கிடந்த இலவச மென்பொருள்களைத் திரட்டி சிடியாக விற்றது. அந்தத் தளங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் அந்த சிடிகளைத்தான் திறக்க வேண்டும். பத்திரிகை சிடிகளும் அப்படித்தான். அந்த மாதம் மக்கள் எந்த பிரவுசரை, எந்த பிளேயரை நிறுவினார்கள் என்பது வரிசையாக உள்ளே இருக்கும்.

சரி, எப்படிச் செய்வது? பலரும் செய்யும் தவறு, சிடியைத் திறந்து ஃபைல்களை இழுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு ஜிப் செய்வது. அப்படிச் செய்தால் சிடிக்கு வைத்த வால்யூம் பெயர் போய்விடும், கணினியைத் தொடங்கவைக்கும் பூட் பகுதி போய்விடும். மேக், விண்டோஸ் இரண்டுக்கும் சேர்த்துத் தயாரித்த சிடிகளில் விண்டோஸ் கண்ணுக்கு ஒரு பாதிதான் தெரியும். மேக் பாதி அங்கே இருப்பதே தெரியாமல் விட்டுவிடுவீர்கள்.

ஆகவே இமேஜ்தான் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிடியில் தகவல் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு செக்டர் என்பது 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048 பைட்தான் நமக்கான தகவல். மீதி ஒத்திசைவுக்கும் முகவரிக்கும் பிழைதிருத்தத்துக்கும் போகிறது. ஐஎஸ்ஓ என்ற வழக்கமான இமேஜ் ஃபைலில் இந்த 2048 மட்டும்தான் சேமிக்கப்படும். டிரைவர் சிடிக்கு அது போதும். ஆனால் 1996இல் வந்த குவேக் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் டிராக் டேட்டா, அடுத்து வருபவை எல்லாம் ஆடியோ சிடி போலவே பதிவான இசை. அதை ஐஎஸ்ஓவாக எடுத்தால் கேம் ஓடும், இசை மட்டும் வராது. இணையத்தில் இப்படி ஊமையாக்கப்பட்ட கேம்கள் நிறைய உலவுகின்றன. இந்த மாதிரி கலப்பு சிடிகளை பின், கியூ (.bin, .cue) என்ற இரட்டை ஃபைல்களாக எடுக்க வேண்டும். இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருளே இதைச் செய்யும். சிடியில் ஒன்றுக்கு மேல் டிராக் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது என் பழக்கம்.

சேஃப்டிஸ்க் போன்ற நகல் தடுப்பு உள்ள கேம்கள் தனித் தலைவலி. வேண்டுமென்றே படிக்க முடியாத செக்டர்களை வைத்திருப்பார்கள். டிரைவ் அங்கே போய்த் திணறும்போது, சிடி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். சிடிகளின் துல்லியமான விவரங்களைத் திரட்டும் ரீடம்ப் திட்டத்தில் இருப்பவர்கள் அதற்கென்றே தனி மென்பொருள்களும் குறிப்பிட்ட டிரைவ்களும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தில் சிடிகளின் இமேஜ் கிடைக்காது, ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்களான ஹேஷ் எண்கள்தான் இருக்கும். உங்கள் இமேஜின் ஹேஷ் அதோடு பொருந்தினால், ஒரு பைட் கூடப் பிசகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

படிக்க மறுக்கும் சிடிகளுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை விட நல்ல கருவி எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு பத்திரிகை சிடி இருந்தது. மேசைக் கணினியின் டிரைவில் போட்டேன். இரவு முழுக்கக் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு, காலையில் 212 கேபி பாக்கி என்று காட்டியது. இந்தக் கருவி எது படித்தாகிவிட்டது, எது பாக்கி என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். அதனால் அதே சிடியை வேறொரு டிரைவில் போட்டால் விட்ட இடங்களை மட்டும் முயற்சி செய்யும். யுஎஸ்பி டிரைவில் போட்டதும் ஆறு செக்டராகக் குறைந்தது. கீல் உடைந்து கிடந்த ஒரு பழைய லேப்டாப்பின் டிரைவில் அந்த ஆறும் வந்துவிட்டது. ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் படிக்கும். அதனால் பழைய டிரைவ்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கீறலைப் பற்றி ஒன்று. பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பயந்து பயந்து பார்க்கிறோம். உண்மையில் ஆபத்தான பக்கம் பெயர் அச்சடித்த மேல்பக்கம். தகவலைத் தாங்கும் அலுமினியப் படலம் அங்கேதான், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பாலிகார்பனேட் இருப்பதால் அங்கே விழும் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வாய்ப்புண்டு. மேலே கீறினால் தகவலே பெயர்ந்துவிடும். ஒட்டிய லேபிளைப் பிய்க்கப் போய் படலத்தையும் சேர்த்து உரித்தெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் விடுபட்டாலும் சிடியின் பிழைதிருத்தம் அதை நிரப்பிவிடும். வட்டமாகத் துடைத்து டிராக்கின் போக்கிலேயே கீறினால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

நாமே எழுதிய சிடி-ஆர்களை முதலில் எடுத்துவிடுங்கள். ஆலையில் அச்சடித்த சிடியில் தகவல் குழிகளாகப் பதிந்திருக்கிறது. சிடி-ஆரில் வெறும் சாயத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. ஃபிளாப்பிகள் இருந்தால் அவற்றுக்கும் அதே அவசரம்தான். 1.44 எம்பி ஃபிளாப்பியின் இமேஜ் சரியாக 14,74,560 பைட் வர வேண்டும். போடுவதற்கு முன்னால் மூலையில் இருக்கும் எழுதுதடைத் துளையைத் திறந்துவிடுங்கள். பூஞ்சை பிடித்ததை அப்படியே டிரைவில் போடாதீர்கள், அதுவும் போகும், டிரைவின் ஹெட்டும் போகும்.

ஏற்றும்போது இமேஜோடு சிடியின் முகப்பு, உறை, கையேடு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேருங்கள். நடுத்துளையைச் சுற்றிப் பொடியாக ஒரு எண் இருக்கும், அதையும் எழுதிவையுங்கள். ஒரே அட்டையில் இரண்டு வேறு பதிப்புகள் வந்திருந்தால் அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். தலைப்பில் பெயர், பதிப்பு, ஆண்டு, மாடல் எண் கட்டாயம் இருக்கட்டும். டிரைவர் தேடுகிறவன் மாடல் எண்ணைத்தான் தட்டுவான்.

சட்டம்? கைவிடப்பட்ட மென்பொருள் என்று ஒரு வகை சட்டத்தில் கிடையாது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வெளியிட்ட மென்பொருளுக்குப் பதிப்புரிமை 95 ஆண்டு. அதுவரை பல சிடிகள் தாங்காமல் போகலாம். கேம் வரலாற்றுக்கான ஓர் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2010க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. நான் வைத்திருக்கும் கோடு இதுதான்: ஷேர்வேர், டெமோ, டிரைவர், பத்திரிகை சிடி என்றால் ஏற்றுவேன், இன்றும் விற்பனையில் இருப்பதைத் தொடமாட்டேன், இடைப்பட்டதை இமேஜ் எடுத்து என்னிடமே வைத்துக்கொள்வேன். உரிமையாளர் கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவேன். உறையில் எழுதிய சீரியல் எண்ணை ஸ்கேனில் மறைத்துவிடுவதும் வழக்கம்.

இன்னொரு விஷயத்தில் மயிரிழையில் தப்பினேன். ஒரு நண்பர் ஷேர்வேர் தொகுத்து எழுதிய சிடி-ஆர் அது. உள்ளே பார்த்தால் மென்பொருள்கள் மட்டும்தான். சந்தேகத்துக்கு ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் திறந்தேன், மூன்று செஷன் (ஒவ்வொரு தடவை எழுதியதும் ஒரு செஷன்) காட்டியது. முதல் செஷனில் அவருடைய சுயவிவரமும் குடும்பப் படங்களும் அப்படியே இருந்தன! எப்போதோ அழித்துவிட்டதாக நினைத்திருக்கிறார். சிடி-ஆரில் அழிப்பது என்றால் அடுத்த செஷனின் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான். இமேஜை ஏற்றியிருந்தால் எல்லாம் ஊருக்கே போயிருக்கும். அதிலிருந்து ஷேர்வேர்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன்.

ஏற்றிய பிறகும் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவே தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் முடங்கிக் கிடந்தது. அசல் சிடியையும் தூக்கிப் போட வேண்டாம், உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். என் பெட்டியில் இரண்டு சிடிகள் இன்னும் வழிக்கு வரவில்லை. ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குப் பொத்தல்கள் தெரிகின்றன. சிடியில் எழுத்து மையத்திலிருந்துதான் தொடங்கும் என்பதால் முன்பாதியாவது வந்துவிடும் என்று நினைக்கிறேன். அடுத்து ஒரு பழைய டிவிடி ரைட்டர் கைக்கு வருகிறது, அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.