வாசகர் கேள்வி – பதில்: ஸ்டெப்னி இல்லாத கார்

கேள்வி: லண்டனில் பழைய பொருட்கள் விற்கும் ஒரு சந்தையில் ஒரு கட்டுப் புகைப்படங்களை வாங்கினேன். அவற்றில் ஒன்றின் பிரதியை இத்துடன் அனுப்பியுள்ளேன். துணிக்கூரை மடக்கப்பட்ட, தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும் ஒரு கார்; அதன் அருகே மணி வடிவத் தொப்பி அணிந்த இரண்டு பெண்களும் ஒரு சிறுவனும் நிற்கிறார்கள். ரேடியேட்டரின் மேலுள்ள சின்னம் வெளுத்துப்போய்விட்டது. பதிவு எண்ணில் ‘பி.இ.’ (PE) என்ற எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. எண்களைச் சிறுவன் மறைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு நண்பர் ஆஸ்டின் செவன் என்கிறார், இன்னொருவர் ஃபோர்டு ‘டி’ மாடல் என்கிறார். எது சரி?
— வாசகர், குரோய்டன், இங்கிலாந்து

பதில்: இரண்டும் அல்ல. உங்கள் படத்தில் இருப்பது டிரோஜன் யூட்டிலிட்டி கார். சின்னம் தெரியாத காரைப் பார்க்கும்போது நாம் வழக்கமாக ரேடியேட்டரின் வடிவத்தையும் விளக்குகளையும் மட்கார்டின் வளைவையும் கொண்டே அடையாளம் தேடுகிறோம். 1920களின் மலிவு விலைக் கார்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று என்று அவை ஏறக்குறைய ஒரே முகத்தோடு வெளிவந்தன. இந்தப் படத்தில் துப்புக் கொடுப்பவை, காரில் இருந்திருக்க வேண்டியும் இல்லாமற்போன பொருட்களே.

முதலில் உங்கள் நண்பர்களின் கருத்தைப் பார்ப்போம். 1922இல் அறிமுகமான ஆஸ்டின் செவனுக்குத் தொடக்கத்திலிருந்தே நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. உங்கள் படத்தில் முன்சக்கரத்தின் நடுவில் பிரேக் டிரம் எதுவும் இல்லை. தவிர, ஆஸ்டினில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 75 அங்குலம்தான். இந்தக் கார் அதைவிட நீளமானது என்பது பக்கத்தில் நிற்கும் பெண்களை வைத்தே தெரிகிறது. மான்செஸ்டரில் தயாரான ஃபோர்டு ‘டி’ மாடலாக இருந்தால், ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங்கும், எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலும் கண்ணில் பட்டிருக்கும்.

அந்த ஹேண்டில்தான் முதல் துப்பு. அக்காலத்துக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் இருந்தாலும்கூட, முன்புறம் ஹேண்டிலோ அதை நுழைப்பதற்கான துளையோ இருப்பது வழக்கம். உங்கள் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. டிரோஜனின் எஞ்சின் பானட்டுக்குள் இல்லை; இருக்கைகளுக்கு அடியில் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே வலக்கைப் பக்கமுள்ள நெம்புகோலை இழுத்து அதை உயிர்ப்பிப்பார். பானட்டைத் திறந்தால் பெட்ரோல் தொட்டியும் கார்புரேட்டரும் ஸ்டீயரிங் பெட்டியும்தான் இருக்கும்.

அடுத்து, ஸ்டெப்னி எங்கும் காணோம். இதற்கான காரணம் டயரில் இருக்கிறது. பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காற்றடைத்த டயர் பாரத்தினால் அடியில் சற்றே பிதுங்கும். இங்கே மேலே எவ்வளவு ஒடுக்கமோ கீழேயும் அவ்வளவே ஒடுக்கம். அது கெட்டி ரப்பர் டயர். பஞ்சர் ஆகவே ஆகாது என்பதால் மாற்றுச் சக்கரம் தேவைப்படவில்லை. 1920களில் கார்களுக்குக் கெட்டி டயர் என்பது வழக்கொழிந்துபோன விஷயம். புதிய கார் ஒன்றில் அதைப் பார்த்தாலே டிரோஜனின் பெயரைச் சொல்லத் துணியலாம். குலுக்கலைத் தாங்குவதற்காக மிக நீளமான ஸ்பிரிங்குகளைப் பொருத்தினார்கள்.

இந்தக் காரை வடிவமைத்த லெஸ்லி ஹவுன்ஸ்ஃபீல்டு அதிகம் கொண்டாடப்படவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. கார் ஓட்டியே பழகாத எளிய மனிதர் வாங்கவும் ஓட்டவும் பராமரிக்கவும் கூடிய வாகனம் ஒன்றைத் தர வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு அவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து புதிதாக யோசித்தார். எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் வகை. நான்கு சிலிண்டர்கள் இரண்டு ஜோடிகளாக அமைய, ஒவ்வொரு ஜோடிக்கும் எரியறை ஒன்றுதான். ஜோடியிலுள்ள இரண்டு பிஸ்டன்களும் ஆங்கில ‘வி’ வடிவக் கனெக்டிங் ராட் (பிஸ்டனின் அசைவைச் சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்குக் கடத்தும் தண்டு) ஒன்றில் இணைந்திருந்தன. அந்த ராட் ஒவ்வொரு சுற்றிலும் லேசாக வளைந்து கொடுத்தால்தான் எஞ்சின் இயங்கும். வளையவே கூடாது என்று எல்லாப் பொறியாளர்களும் நினைத்த பாகத்தை வளையவிட்டு வேலை வாங்கியிருக்கிறார்! நான்கு பிஸ்டன், இரண்டு ராட், ஒரு கிராங்க் ஷாஃப்ட் என எஞ்சினில் அசையும் பாகங்கள் ஏழே என்று நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. கியர் இரண்டுதான், பின்சக்கரங்களுக்கு விசை சங்கிலி வழியே சென்றது.

1922ஆம் ஆண்டின் லண்டன் மோட்டார் கண்காட்சியில் டிரோஜன் காட்சிக்கு வைக்கப்பட்டது. லாரிகளுக்குப் பெயர்பெற்ற லேலண்டு நிறுவனம் கிங்ஸ்டன் தொழிற்சாலையில் அதைத் தயாரித்தது. 1925இல் விலை 125 பவுனுக்கு இறங்கியது. ‘நடந்து செல்வது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?’ என்று கேட்ட விளம்பரம், 200 மைல் நடந்தால் காலணிக்கும் காலுறைக்கும் ஆகும் செலவு டிரோஜனில் போகும் செலவைவிட அதிகம் என்று கணக்குக் காட்டியது. இதே அமைப்பில் வந்த வேன்களை புரூக் பாண்ட் நிறுவனம் கடைகளுக்குத் தேயிலை கொண்டுசெல்லப் பெருமளவில் பயன்படுத்தியது. இலங்கை மலையகத்திலும் தென்னிந்தியத் தோட்டங்களிலும் நம் மக்கள் பறித்த தேயிலையும் அவற்றில் பயணம் செய்திருக்கும்.

இனி பதிவு எண். 1904 ஜனவரி முதல் பிரிட்டனில் ஒவ்வொரு மாவட்ட நிர்வாகத்துக்கும் தனித்தனி எழுத்துக் குறிகள் தரப்பட்டன. ‘பி.இ.’ சர்ரே மாவட்டத்துக்கு உரியது. கிங்ஸ்டனும் அப்போது சர்ரேயில்தான் இருந்தது. உங்கள் குரோய்டனுக்குத் தனியாக ‘பி.ஒய்.’ (BY) என்ற குறி இருந்ததால், இந்தக் கார் அங்கே பதிவானதல்ல. ஆனால் டிரோஜனுக்கும் குரோய்டனுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு: 1920இல் முதல் ஆறு கார்கள் அங்கே உருவாயின, 1928இல் லேலண்டு விலகிய பின் தயாரிப்பும் அங்கேயே திரும்பியது. தொப்பிகளையும் கெட்டி டயரையும் சேர்த்துப் பார்த்தால், படம் 1920களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்பேன்.

அந்தக் கட்டிலுள்ள மற்றப் படங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே குடும்பத்தின் படங்களானால், இதே காரின் பின்பக்கம் வேறொரு படத்தில் இருக்கக்கூடும். முழு எண் கிடைத்துவிட்டால், அழியாமல் தப்பிய பழைய பதிவேடுகளைத் தேடி மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். முதல் உரிமையாளரின் பெயர் அதில் இருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: பானட்டின் இரு புறமும் காதுகள்போல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய பிரிட்டிஷ் கார் ஒன்றைப் பழைய படத்தில் பார்த்தேன். அவை விளக்குகளா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விளக்குகள் அல்ல, எஞ்சினின் சிலிண்டர் தலைகள். அது 1919 முதல் 1925 வரை தயாரான ரோவர் 8. எதிரெதிராகப் படுத்திருந்த இரண்டு சிலிண்டர்களையும் காற்றே குளிர்விக்க வேண்டியிருந்ததால், அவற்றின் தலைகளைப் பானட்டுக்கு வெளியே நீட்டிவிட்டு, காற்றை அள்ளித் தரும் மூடிகளைப் பொருத்தினார்கள். இரவில் மேடேறும்போது அவை செக்கச் செவேலென ஒளிர்ந்தன என்று சொல்வார்கள். பிராட்ஃபோர்டில் தயாரான ஜோவெட் காருக்கும் இதேபோன்ற இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்தான். ஆனால் அதைக் குளிர்வித்தது தண்ணீர் என்பதால் எல்லாம் பானட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தன. ஆகவே காதுகள் தெரிந்தால் ஜோவெட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.