மூச்சைப் பிடிக்கலாமா?

கேள்வி: என் மகள் படிக்கும் இளையோர் விண்வெளி நாவலில், கவச உடை இல்லாமல் வெளியே தள்ளப்படும் நாயகி, மூச்சை இறுகப் பிடித்தபடி அடுத்த கலத்துக்குத் தாவிப் பிழைக்கிறாள். இது நடக்குமா?

பதில்: தாவலாம், பிழைக்கவும் செய்யலாம். ஆனால் மூச்சைப் பிடித்தால் தொலைந்தாள்! வெளியே அழுத்தமே இல்லாததால் உள்ளே அடைத்த காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். வாயைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். நாவலாசிரியர் இதைக் கவனித்திருக்கலாம்.

1966-இல் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெபிளாங்க் என்பவர் அணிந்திருந்த சோதனை உடையின் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 வினாடிகளில் நினைவிழந்தார். அதற்கு முன் நாக்கில் எச்சில் கொதிப்பதை உணர்ந்தாராம். சூட்டால் அல்ல, அழுத்தம் போனால் உடல் வெப்பத்திலேயே நீர் கொதிக்கும். உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்தார். ஆக, நாயகிக்கு உருப்படியாகக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு வினாடிதான். அதற்குள் அவள் வசனம் வேறு பேசுகிறாளா? வெற்றிடத்தில் யாருக்கும் கேட்காதே!

சினிமாவில் காட்டுவதுபோல நொடியில் உறைந்தும் போகமாட்டாள். வெற்றிடம் தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி, வெப்பத்தை எளிதில் வெளியே விடாது.

அப்புறம், கதையில் கலம் பழுதாகி ஆக்சிஜன் தீரும் கட்டமும் வரும், வராமல் இருக்காது. நிஜத்தில் அதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு ஆளை வீழ்த்திவிடலாம். 1970-இல் நிலவுக்குப் போகும் வழியில் கலம் பழுதான அப்பல்லோ 13 வீரர்கள் அட்டை, பிளாஸ்டிக் பை, ஒட்டுநாடா வைத்து, அந்த வாயுவை நீக்கும் வடிகட்டியைச் சமாளித்தது அதற்காகத்தான். மகளிடம் அதைச் சொல்லுங்கள், நாவலைவிட விறுவிறுப்பு.