சட்டம் கேளுங்கள்: ஏற்காட்டிலிருந்து காலையில் இறங்கினாலும் வழக்கு வருமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. சனிக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு போனவன், இரவு அங்கேயே தங்கி, ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தபோது அடிவாரத்தில் போலீசார் மறித்து ஊதச் சொன்னார்கள். கருவியில் 48 என்று காட்டியதாம். “பன்னிரண்டு மணிக்கே நிறுத்திவிட்டேன், தூங்கி எழுந்து குளித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்” என்கிறான். பத்தாயிரம் ரூபாய் கட்டினால் முடிந்துவிடும் என்று அவன் நண்பர்கள் சொல்வது சரியா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: சரியில்லை அம்மா. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். ஆனாலும் அவர் மீதான வழக்கு நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆவது பிரிவு, எப்போது குடித்தார் என்று கேட்பதில்லை. வண்டியை ஓட்டும்போது, அல்லது ஓட்ட முயலும்போது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததா என்று மட்டுமே பார்க்கிறது. உடல் ஆல்கஹாலைக் கரைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் 160 இருந்திருந்தால் காலை ஏழரை மணிக்கு ஏறக்குறைய 48 மிச்சம் இருக்கும். குளிப்பதும், எலுமிச்சைச் சாறும், கடுங்காப்பியும் தூக்கக் கலக்கத்தைப் போக்குமே தவிர அந்த எண்ணைக் குறைக்காது. அந்த நிலையில்தான் அவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்திருக்கிறார் என்பதை, வழக்கு ஒருபுறம் இருக்க, நீங்கள் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி தண்டனைக்கு வருகிறேன். முதல் முறையானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு முதல் குற்றத்துக்கு “2,000 ரூபாய் வரை” என்று இருந்தது. இப்போது “வரை” என்ற சொல்லே எடுக்கப்பட்டுவிட்டதால், அபராதம் விதிப்பதென்றால் தொகை 10,000-தான். தலைக்கவசம் அணியாததற்குச் செலுத்துவதுபோல இதை இடத்திலேயே இணக்கக் கட்டணமாகக் கட்டித் தீர்க்கச் சட்டத்தில் வழியில்லை. நீதித்துறை நடுவர் முன்பு நின்றாக வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டுவது ரசீது வாங்கும் காரியம் அல்ல, குற்றத் தீர்ப்பை ஏற்பது. நாளை அரசு வேலைக்கான படிவத்தில் வழக்கு விவரம் கேட்கப்பட்டால் அதை எழுதியாக வேண்டும். மறைத்தால் அந்த மறைப்பே வேலைக்கு உலை வைக்கும்.

ஓட்டுநர் உரிமம் தனி விவகாரம். 206-ஆவது பிரிவின்படி போலீசார் உரிமத்தைக் கைப்பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். அங்கே விளக்கம் கேட்ட பிறகு, 19-ஆவது பிரிவின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம்; மறுமுறை என்றால் உரிமத்தையே ரத்து செய்யலாம். விளக்கம் கேட்டு வரும் கடிதத்தைப் பிரிக்காமல் வீட்டில் போட்டுவைக்காதீர்கள்.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: ஊதுவதற்குச் சற்று முன்பு ஆல்கஹால் கலந்த வாய் கொப்புளிக்கும் மருந்து எதையாவது பயன்படுத்தினாரா? வாயில் தங்கிய ஆல்கஹால் சில நிமிடங்களுக்குக் கருவியில் கூடுதலாகக் காட்டும். அப்படி இருந்தால் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லாததைக் கட்டிச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ஊத மறுத்துவிட்டால் வழக்கு நிற்காது என்கிறார்களே?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: தவறான யோசனை. குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், ஊத மறுப்பவரைப் பிடியாணை இன்றியே கைது செய்ய 203-ஆவது பிரிவு இடம் தருகிறது. தக்க காரணமின்றி மறுத்ததை அவருக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்று 205-ஆவது பிரிவு சொல்கிறது. அதேவேளை காவல்துறைக்கும் கடமை உண்டு. 185-ஆவது பிரிவுக் குற்றத்துக்காக 202-ஆவது பிரிவின்கீழ் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடந்தாக வேண்டும்; நடக்கவில்லையென்றால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும்.

கேள்வி: நான் லாரி ஓட்டுநர். குடிப்பதில்லை. சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினாலும் வழக்கு வருமா? தூக்கம் வராமலிருக்க ஏதேதோ போட்டுக்கொள்கிறவர்கள் நிலை என்ன?
– வாசகர், சங்ககிரி

பதில்: உங்கள் கேள்வி எனக்கு ஒருவரை நினைவூட்டுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நீதிமன்ற வராந்தாவில் ஐம்பதைத் தாண்டிய ஓட்டுநர் ஒருவர், உரிமத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையோடு இரு கைகளாலும் பிடித்தபடி நின்றார். அசல் அலுவலகத்தில் இருந்தது. “இது இல்லாம நான் யாருங்க ஐயா?” என்று கேட்டார். அவர் குடித்திருக்கவில்லை, கண் சொருகாமலிருக்க யாரோ கொடுத்த மாத்திரையை, என்னவென்று தெரியாமலே விழுங்கியிருந்தார்.

மதுவுக்கு 30 என்ற அளவு இருப்பதுபோலப் பிற போதைக்கு 185-ஆவது பிரிவில் எண் எதுவும் இல்லை. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தாரா என்பதே கேள்வி. ஊதும் கருவி இதைக் காட்டாது. மருத்துவரின் பரிசோதனையும் ஆய்வகச் சோதனையும்தான் சான்று. தண்டனை மதுவுக்கு உள்ளதேதான். சளி மாத்திரை போட்டதாலேயே குற்றமாகிவிடாது, ஆனால் சில மாத்திரைகள் நன்றாகத் தூக்கத்தை வரவழைக்கும்; மருத்துவர் எழுதித் தந்தார் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் லாரி ஓட்டுகிறவர் என்பதைச் சொல்லியே மருந்து கேளுங்கள். கஞ்சா என்றால், ஓட்டியதற்கான வழக்கோடு, பயன்படுத்தியதற்காக 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவும் சேரலாம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: நண்பர் ஓட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மீதும் வழக்கு என்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: 188-ஆவது பிரிவு, இக்குற்றத்துக்குத் தூண்டுதலாக இருந்தவருக்கும் அதே தண்டனையை விதிக்கிறது. உடன் இருந்தது மட்டும் தூண்டுதல் ஆகாது என்று நீங்கள் வாதாடலாம். கார் உங்களுடையதாக இருந்து, அவர் குடித்திருப்பது தெரிந்தே சாவியைக் கொடுத்திருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம்.

கேள்வி: குடித்துவிட்டு ஓட்டிய என் அண்ணனின் கார் மோதியதில் ஒருவர் இறந்துவிட்டார். காரும் நொறுங்கிவிட்டது. காப்பீடு கிடைக்குமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: முதலில் அண்ணனுக்கு வழக்கறிஞரை வையுங்கள், ஏனென்றால் இது 185-ஆவது பிரிவோடு நிற்காது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆவது பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. போதையில் ஓட்டினால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே ஓட்டினார் எனக் கண்டால் 105-ஆவது பிரிவு வரும், அது பத்து ஆண்டு வரை செல்லும். மும்பையில் 2006-இல் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி இறந்த வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் இதே அடிப்படையில் மூன்றாண்டுச் சிறையை உறுதி செய்தது.

காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் அப்படியொரு மறுப்பை ஏற்றிருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கான தொகையை, நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன. எனவே விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலிருந்து வரும் அறிவிப்பை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், அண்ணன் தரப்பில் தனியாக ஆஜராகுங்கள். வழக்கறிஞருக்குச் செலவிட வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.