80,000 ரூபாய்க்கு அகல டயர்: கார்டு தவணையா, சீட்டா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். 2021 மாடல் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. மாதம் 1,500 கி.மீ. ஓடும். இப்போது கிடக்கும் டயர்கள் 32,000 கி.மீ. ஓடியவை. கையில் வரும் சம்பளம் 46,000 ரூபாய், வீட்டுக்கடன் தவணை 14,500. அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் இருந்து கொஞ்சம் வரும். வங்கியில் 60,000 இருக்கிறது. காருக்கு 16 அங்குல அலாய் வீலும் (இரும்பு ரிம்முக்குப் பதில் போடும் அலுமினியக் கலவை ரிம்) 205 மி.மீ. அகல டயரும் போட ரொம்ப நாள் ஆசை. கடையில் அலாய் 48,000, டயர் 30,000, மாட்டுக்கூலி 2,000 என்று 80,000 சொல்கிறார்கள். கிரெடிட் கார்டில் 16% வட்டிக்கு 24 மாதத் தவணை போடலாமா? இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் 1 லட்ச ரூபாய் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா? இப்போது எடுத்தால் 20,000 தள்ளு போகும்.
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். ஆசையை விடச் சொல்லவில்லை. பத்து மாதம் தள்ளிப் போடுங்கள், அளவையும் கொஞ்சம் குறையுங்கள் என்கிறேன். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

80,000 ரூபாயை 16% வட்டிக்கு 24 மாதம் பிரித்தால் மாதத் தவணை 3,917 ரூபாய். வட்டி மட்டும் 14,000. கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு மேல் 18% ஜி.எஸ்.டி. உண்டு, அது 2,500. பிராசசிங் கட்டணம் தனி. சீட்டில் 20,000 தள்ளி 80,000 எடுப்பது இதைவிடவும் நஷ்டம். அப்புறம் அந்தச் சீட்டை இதற்காக எடுத்துவிட்டால், நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று வரும்போது கேட்டு எடுக்க உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? 60,000 கையிருப்பு உங்கள் குடும்பத்தின் இரண்டு மாதச் செலவுக்கே காணாது.

நம்ம மாவட்டத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஜூன் மாதம் மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டு நின்று நின்றுதான் நடக்கும். பள்ளிக்கூட ஃபீஸ் கேட்பதும் அதே ஜூனில்தான். ரப்பர் காசு குறையும் மாதமும் செலவு ஏறும் மாதமும் ஒன்றாக வருகிற வீட்டில் புதிதாக ஒரு தவணையைச் சேர்க்க எனக்கு மனம் வராது.

இனி காருக்கு வருவோம். உங்கள் வண்டியில் கம்பெனி போட்ட அளவு 165/80 ஆர்14. அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80%, ரிம் 14 அங்குலம். டயரின் பக்கச்சுவர் உயரம் 132 மி.மீ. 16 அங்குலத்தில் 205/50 போட்டால் அது 102 மி.மீ. ஆகிவிடும். குழியில் விழும்போது அடியை வாங்கிக்கொள்கிற ரப்பரில் 3 செ.மீ. போய்விடுகிறது, அந்த அடி நேராக ரிம்முக்குப் போகும். நீங்கள் தினமும் போகும் களியக்காவிளை ரோட்டின் லட்சணம் உங்களுக்கே தெரியும். மழைத் தண்ணீர் நிற்கும்போது எது குழி, எது ரோடு என்று பார்த்தா ஓட்ட முடிகிறது? போதாக்குறைக்கு, அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். நமக்கோ வருஷத்துக்கு இரண்டு பருவமழை. நானும் ஒருமுறை ஆசைப்பட்டு அலாய் மாற்றி, மூன்றாவது மாதமே ஒன்றில் விரிசல் விட்டு, அதே டிசைன் கிடைக்காமல் ஜோடியாக இரண்டு வாங்கினேன். அந்தக் கணக்கை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

மைலேஜும் குறையும். எவ்வளவு என்பது டயரையும் ரிம்மின் எடையையும் பொறுத்தது. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 17 கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடும், இரண்டு வருடத்தில் 12,000. கடைக்காரர் சொன்ன 80,000 இப்படியே 1 லட்சத்து 8,500 ஆகிவிட்டது. ரிம்மின் ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி உட்காருகிறது என்கிற அளவு) சரியில்லாமல் நாலு பேர் ஏறிக் கல்யாணத்துக்குப் போகும்போது டயர் வீல் ஆர்ச்சில் (டயருக்கு மேலே இருக்கும் வளைவில்) உரசினால், அந்தச் செலவு வேறு.

இன்சூரன்ஸ் விஷயத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒரு ரூபாயும் கிடைக்காது. விபத்தில் காரும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான் டயருக்குப் பணம், அதுவும் மாற்றும் விலையில் 50% மட்டும். 30,000 ரூபாய் டயருக்கு 15,000 உங்கள் பையில் இருந்துதான் போகும். வெளியில் வாங்கிய அலாயை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, அதன் மதிப்பைப் பாலிசியில் ஏற்றி, அதற்கான பிரீமியமும் கட்ட வேண்டும். இல்லையென்றால் அலாய் திருட்டுப் போனாலும் உடைந்தாலும் அதன் விலையைக் கேட்க வழியில்லை. மாற்றத்தையே சொல்லாமல் விட்டால், மற்ற கிளெய்மிலும் கேள்வி வரலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் டயர் முதலில் கண்ணில் படும். உங்கள் டிஎன் 75 வண்டி தினமும் எல்லை தாண்டுகிறது. வண்டி மாற்றங்களில் கேரள மோட்டார் வாகனத் துறையின் கெடுபிடி ஊரறிந்தது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் காரின் மேல் மாடலான இசட்.எக்ஸ்.ஐ.க்கு மாருதியே போட்டுக் கொடுத்த அளவு 185/65 ஆர்15. மொத்த விட்டம் உங்கள் டயரைவிட 2 மி.மீ.தான் அதிகம், எனவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அகலம் 20 மி.மீ. கூடும், பார்வைக்கும் வண்டி நிமிர்ந்து நிற்கும். வாங்கும்போது லோட் இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள். உங்கள் இப்போதைய டயரில் 85 என்று இருந்தால் (ஒரு டயர் 515 கிலோ தாங்கும்), புதியதில் அதற்குக் கீழே போகக்கூடாது.

கார்டுக்குக் கட்ட நினைத்த 3,900 ரூபாயை அடுத்த மாதம் முதல் 10 மாத ஆர்.டி.யாகப் போடுங்கள். 39,000 சேரும், கொஞ்சம் வட்டியும் வரும். அதற்குள் இப்போதைய டயர் 47,000 கி.மீ. தொட்டு, எப்படியும் மாற்றும் நிலைக்கு வந்திருக்கும். முக்கியமான இடம் இதுதான்: இன்று மாற்றினால் இன்னும் 15,000 கி.மீ. ஓடக்கூடிய டயரைக் கழற்றிப் போடுகிறீர்கள். அன்று மாற்றினால் பழைய அளவிலேயே போட்டாலும் ஆகிற 18,000 ரூபாய் எப்படியும் செலவாகிற பணம். புது 15 அங்குல டயர் 20,000, பழைய கம்பெனி அலாய் செட் ஒன்று 20,000-க்குள் படிந்தால் மொத்தம் 40,000. உங்கள் ஆசைக்கு ஆகிற அசல் செலவு 22,000 மட்டும். (இந்த விலைகள் என் மதிப்பு. நாகர்கோவிலில் இரண்டு கடை, மார்த்தாண்டத்தில் இரண்டு கடை ஏறி விசாரியுங்கள்.) பத்து மாதத்துக்கு முன்பே டயர் தேய்ந்து, பள்ளத்தில் இருக்கும் 1.6 மி.மீ. அடையாளக் கட்டையைத் தொட்டுவிட்டால் காத்திருக்க வேண்டாம், அன்றே மாற்றிவிடுங்கள்.

பழைய அலாய் வாங்கினால் பாலன்ஸிங் மிஷினில் சுழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உள்பக்கம் வெல்டிங் தடம் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். புது டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 1225 என்றால் 2025-ன் 12-வது வாரம் தயாரானது. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கழற்றிய இரும்பு ரிம் நான்கையும் ஆக்கருக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போடாமல் பரணில் ஏற்றி வையுங்கள். காரை விற்கும்போது அலாய்க்கென்று யாரும் தனி விலை தரமாட்டார்கள், இரும்பு ரிம்மை மாட்டிக் காரைக் கொடுத்துவிட்டு அலாயைத் தனியாக விற்றுக்கொள்ளலாம்.