வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியராகப் போனால், புது ஊரில் முதல் சில மாதங்களை எப்படிச் சமாளிப்பது?

கிருஷ்ணகிரியிலிருந்து வியட்நாமுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், வேலை உறுதியாகிவிட்டது, ஆனால் அந்த ஊரில் ஒட்ட முடியுமா, என் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களா என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி என்ற சொல்லைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் பக்கத்துத் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமம். 2022 ஆகஸ்ட் மாதம் ஹோ சி மின் நகரத்துக்குப் போனேன். அங்குள்ளவர்கள் பேச்சில் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். இப்போதும் அங்கேதான் வேலை.

நீங்களும் என்னைப் போலத் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பாஸ்போர்ட் உங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் காகித வேலை. எனக்குப் பட்டச் சான்றிதழுக்குச் சென்னையில் ஒரு முத்திரை, வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அப்புறம் வியட்நாம் தூதரகத்தின் முத்திரை என்று மூன்று தேவைப்பட்டன. 120 மணி நேர ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்டார்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் கடைசியில் வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் ஆர்வத்தில் முதலிலேயே வாங்கிவிட்டு, மற்ற முத்திரைகள் வருவதற்குள் அது காலாவதியாகி, மறுபடியும் விண்ணப்பித்தேன். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் கைக்கு வர எனக்கு ஏழு வாரம் ஆனது.

வாடகை மாதம் ஐம்பது லட்சம் டாங் என்று போனில் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நம் பணத்தில் அது சுமார் பதினேழாயிரம் ரூபாய். 'பின் தான்' என்ற பகுதியில் சந்துக்குள் மூன்றாவது மாடியில் ஒரே அறை. குடிவந்ததும் வீட்டுக்காரர் உங்கள் பெயரைப் போலீசில் தற்காலிகக் குடியிருப்பாகப் பதிவு செய்துதர வேண்டும். செய்துவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கார அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, உனக்கு என்ன வயது என்பது. கடைக்காரர், வேலை செய்யும் இடத்துக் காவலாளி, எல்லோருக்கும் முதலில் அதுதான் வேண்டும். எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, அந்த மொழியில் 'நான்', 'நீ' என்பதற்கே அக்கா, தங்கை, அத்தை, பாட்டி என்று உறவுச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். வயது தெரியாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. முன்பின் தெரியாதவரை 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

வேலை நேரம்தான் ஆளைத் தனிமைப்படுத்திவிடும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தனியார் மொழி மையங்களில் வகுப்புகள் வாரநாட்களில் மாலையிலும் சனி, ஞாயிறு முழுக்கவும்தான். ஊரே வேலைக்குப் போயிருக்கும் காலை நேரத்தில் நீங்கள் அறையில் சும்மா இருப்பீர்கள். ஊர் ஓய்வாக வெளியே வரும்போது நீங்கள் பலகை முன்னால் நிற்பீர்கள். முதல் இரண்டு மாதம் காலை பத்து மணிக்கு அழுதிருக்கிறேன். அந்த நேரத்தை வியட்நாமிய மொழி படிக்க ஒதுக்கிய பிறகுதான் நாள் நகர்ந்தது. பெண் ஆசிரியரைப் பிள்ளைகள் 'கோ' என்பார்கள். அப்பாவின் தங்கைக்கும் அதே சொல்தான். நம் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் அந்தச் சொல், தொனியும் வாயைத் திறக்கும் அளவும் மாறினால் கழுத்து, புல், நாரை என்று ஆகிவிடும். ஒரு வாரம் முழுக்க அந்த ஒரே சொல்லைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு மொழி வாயில் வராமல் தடுமாறுவது எப்படி இருக்கும் என்று என் மாணவர்களை எனக்குப் புரியவைத்தது அந்த வாரம்தான்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை, அரிசி ஊர்தான். சைவம் என்றால் மீன் சாறு சேர்க்காததாகக் கேட்டு வாங்க வேண்டும். 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் சைவக் கடைகள். அவர்கள் சந்திர நாட்காட்டியின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, நிறைய பேர் சைவம் சாப்பிடுவார்கள். ட்ரூவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பழைய தமிழர்கள் கட்டியது. கேழ்வரகு மாவை மட்டும் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, உச்சரிப்புக்கு வருகிறேன். நீங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கேட்டதால்தான் நான் யாரிடமும் அதிகம் பேசாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பல்லில் பழுப்புக் கறை உண்டு. முன் பற்கள் நான்கிலும் கோடு கோடாக. உங்கள் மாவட்டத்திலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை உங்களுக்கே இருக்கலாம். ஃபுளோரைடு கலந்த தண்ணீர். எங்கள் ஊர் அடிபம்பில் வந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த என் வகுப்புத் தோழிகள் பாதிப் பேருக்கு இதே பல்தான். ஊருக்குள் இருந்தவரை அது தெரியவே இல்லை, எல்லோருக்கும் இருந்ததால். தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் போனபோதுதான் வேறு பக்கத்துப் பெண்ணொருத்தி "நீ பல்லு தேய்க்க மாட்டியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து உதட்டை மூடிச் சிரிக்கப் பழகினேன். ஈரோட்டுப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணுக்குப் பல்லு சரியில்லை என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அம்மா அதை என்னிடம் மறைத்தார், அண்ணி வழியாகத் தெரிந்தது.

சைகோனில் பைக்கில் போகும் பெண்கள் வெயிலுக்கும் தூசிக்கும் துணி முகமூடி போட்டுக்கொள்வார்கள். கொரோனாவுக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். எனக்கு அது பெரிய நிம்மதி. தெருவில் முகமூடி, வகுப்பில் ஒலிப்பதிவு. ஓர் ஒலியைச் சொல்லிக்காட்ட வேண்டிய இடத்தில் கணினியில் ஓடவிட்டுவிட்டு நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மூன்றாவது மாதம் என் வகுப்பைப் பார்வையிட்ட மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒரே ஒரு குறைதான் இருந்தது: "பிள்ளைகளுக்கு உங்கள் வாய் தெரிவதில்லை."

அவர் சொன்னது சரி. வியட்நாமியச் சொற்களின் கடைசியில் 'ஸ்' ஒலி வராது. அதனால் 'ரைஸ்' என்பது பிள்ளைகள் வாயில் 'ரை' என்று நின்றுவிடும். நாம் 'பஸ்' என்பதை 'பஸ்ஸு' என்று இழுப்பதைப் போல, அவர்கள் வெட்டுகிறார்கள். 'திங்க்', 'தேங்க் யூ' என்பதில் வரும் அந்த முதல் ஒலி இன்னும் கடினம். அவர்கள் மொழியில் அதே 'th' எழுத்துகளுக்கு மூச்சுடன் வரும் வேறு ஒலி. நமக்கும் அது 'த' ஆகிவிடுகிறது. அந்த ஒலிக்கு நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே கொஞ்சம் நீட்டிக் காற்றை விட வேண்டும். அதைக் காட்டினால் பல் முழுக்கத் தெரியும்.

அடுத்த வகுப்பு ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் பதினாறு பேர். முதல் வரிசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாக்கை நடுவில் வைத்துக் காட்டினேன். ஒரு பையன் குனிந்து என் வாயையே பார்த்துவிட்டு உதவி ஆசிரியையிடம் ஏதோ கேட்டான். அந்தப் பெண் கல்லூரி மாணவி, மொழிபெயர்க்கத் தயங்கினாள். சொல்லு என்றேன். "கோ நிறைய காபி குடிப்பீங்களா, பல் ஏன் இந்த நிறம் என்று கேட்கிறான்" என்றாள்.

பலகையில் ஓர் அடிபம்பு வரைந்தேன். கீழே பாறை, அதற்குக் கீழே தண்ணீர். பக்கத்தில் ஒரு சிறுமி, ஒரு பல். இந்தப் பாறையிலிருக்கும் ஒரு பொருள் தண்ணீரில் கரைகிறது, சின்ன வயதில் அதைக் குடித்தால் ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை வந்துவிடும், தேய்த்தால் போகாது என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னேன். உதவி ஆசிரியை அவர்கள் மொழியில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, வடக்கே இருக்கும் தன் கொள்ளுப்பாட்டிக்குப் பல் கன்னங்கரேல் என்று இருக்கும் என்றாள். வகுப்பு முடிந்ததும் உதவி ஆசிரியை விளக்கினாள்: முற்காலத்தில் அங்கே பெண்கள் பல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பாக்கிக்கொள்வார்களாம், அதுதான் அழகாம், வெள்ளைப் பல்லை விலங்கின் பல்லோடு ஒப்பிடுவார்களாம். கிராமங்களில் மிகவும் வயதான பாட்டிகளிடம் இன்னும் பார்க்கலாமாம்.

அந்த வகுப்பில் மீதியிருந்த இருபது நிமிடமும் பதினாறு பேரும் நாக்கை நீட்டிக் காற்று விட்டுக்கொண்டிருந்தார்கள். எச்சில் தெறித்தது, அவர்களுக்கு ஒரே சந்தோஷம். ஒன்பது பேருக்கு அன்றே ஒலி சரியாக வந்துவிட்டது. எண்ணினேன், அதனால் எண்ணிக்கை நினைவிருக்கிறது. அன்று இரவு வீட்டுக்குப் போகும் வழியில் சந்து முனையில் வீட்டுக்கார அம்மாவிடம் பத்து நிமிடம் நின்று பேசினேன். அதற்கு முன்பெல்லாம் தலையாட்டிவிட்டு மாடியேறிவிடுவேன்.

அந்த ஊரில் நான் ஒட்டியது அன்றுதான். அறை, சிம் கார்டு, சாப்பாடு எல்லாம் அதற்கு முன்பே சரியாகியிருந்தும் ஒட்டவில்லை.

பல்லை வைத்து இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பீர்கள். வாயைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் வேலை இது, அதனால் எழுதினேன். பற்களுக்கு மேல் உறை போட்டுக்கொள்ளலாமே என்றும் சொல்வீர்கள். போடுபவர்களை நான் குறை சொல்லவில்லை, பணம் சேர்ந்தால் நானே போட்டுக்கொள்ளலாம். வியட்நாமில் எல்லோரும் இப்படிக் கனிவாக இருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. என் வகுப்பிலிருந்து பிள்ளையை மாற்றச் சொன்ன பெற்றோரும் உண்டு. அதற்குக் காரணம் பல் இல்லை, பாஸ்போர்ட். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டுக்காரர் வேண்டும் என்று கேட்டார்கள். என்னோடு அதே வாரம் சேர்ந்த ஒருவருக்கு எந்த அனுபவமும் இல்லை, நாடு மட்டும் வேறு. மணிக்கு என்னைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சம்பளம். தருமபுரியில் தனியார் பள்ளியில் மாதம் ஒன்பதாயிரத்துக்கு ஐந்து வருடம் ஆறாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்தியதை அனுபவமாகவே அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. உங்களுக்கும் இது நடக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மணிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பாடம் தயாரிக்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள், எனக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் ஊரிலிருந்து ஒகேனக்கல் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. காவிரி அவ்வளவு பக்கத்தில் ஓடும்போது நாங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் ஆவியாக ஆக அடர்த்திதான் கூடும். என் பாட்டி அது தெரியாமல் எங்களுக்காகத் தினமும் அக்கறையாகக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தார். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது எனக்கு இருபது வயது. திட்டத்தைக் குறை சொல்ல நான் யார், அதனால் எத்தனையோ பிள்ளைகள் தப்பித்தார்கள். எட்டு வயதுக்குள் முடிந்துபோகிற விஷயத்துக்கு எங்கள் வயதுக்காரர்கள் இருபது வயது வரை காத்திருந்தோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

அண்ணன் மகளுக்கு இப்போது ஏழு வயது. ஞாயிறு இரவு வகுப்பு முடிந்ததும் வீடியோவில் பேசுவேன். அவளுக்கும் அந்த ஒலியைச் சொல்லிக்கொடுத்தேன். நாக்கைப் பற்களுக்கு நடுவே வைத்து 'திங்க்' என்று அழகாகச் சொன்னாள். பல் வெள்ளையாக இருந்தது, நான் முதலில் பார்த்தது அதைத்தான். பின்னால் அம்மா குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன்.

"நாலு நாளா வரல கண்ணு. போர் தண்ணிதான்."