அமெரிக்காவின் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகைக்கான தகுதி விதிகளில் முதலில் எதைத் திருத்த வேண்டும்?

சேமிப்பு வரம்பைத்தான் என்பேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கும் 65 வயது நிறைந்தோருக்கும், வருமானம் மிகக் குறைவாக இருந்தால், அமெரிக்க மத்திய அரசு மாதந்தோறும் வழங்கும் இந்த உதவித்தொகை 1974 ஜனவரியில் தொடங்கியது. குடியிருக்கும் வீடும் ஒரு காரும் நீங்கலாக, தனிநபரிடம் 2,000 டாலருக்கு மேலும் தம்பதியரிடம் 3,000 டாலருக்கு மேலும் இருக்கக் கூடாது என்பது விதி. உதவித்தொகை விலைவாசியை ஒட்டி உயர்ந்து 2025இல் 967 டாலரானது. சேமிப்பு வரம்போ 1989இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. பதினெட்டு வயது வரை பெற்றோரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால், அது முடிந்த பிறகே விண்ணப்பிக்க முடிந்தது. பாட்டி பிறந்தநாள்தோறும் அவன் பெயரில் போட்டுவந்த பணம் அப்போது 2,140 டாலராக இருந்தது. மாதத்தின் முதல் தேதியில் இருக்கும் இருப்பே கணக்கு என்று தெரிந்ததும், அவன் அம்மா அவனுக்குக் குளிர்கோட்டும் புதுக் கட்டிலும் வாங்கி அதைக் குறைத்தார். இன்றும் நாட்காட்டியில் மாதக் கடைசி நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். "இருபத்தெட்டாம் தேதி வந்தாலே வயித்தைக் கலக்குது அக்கா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று கேட்டு வளர்ந்தவர், பாவம்.

விதிகள் மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உறவினர் தரும் உணவையும் வருமானமாக மதிப்பிட்டுத் தொகையைக் குறைக்கும் வழக்கம் 2024 செப்டம்பர் 30 முதல் கைவிடப்பட்டது. அக்கா வாங்கித் தந்த அரிசி மூட்டைக்கு விலை போட்டுக்கொண்டிருந்த அந்த விதி ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதை நிர்வாகமே ஒழுங்குமுறையைத் திருத்திச் செய்துவிட முடிந்தது. சேமிப்பு வரம்பு சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். அதை 10,000 டாலராக உயர்த்தும் மசோதா, இரு கட்சியினரின் ஆதரவோடு கொண்டுவரப்பட்டும், இன்னும் சட்டமாகவில்லை.

அடுத்ததாக, சம்பளத்தில் முதல் 65 டாலரையும் பொதுவாக 20 டாலரையும் விட்டுவிட்டு, மீதியில் பாதியைப் பிடிக்கும் கணக்கு. அந்தப் பையனைப் போல வேறு வருமானம் இல்லாதவர் மாதம் 500 டாலர் சம்பாதித்தால் 207.50 டாலர் உதவித்தொகை குறையும். இந்த 65உம் 20உம் திட்டம் தொடங்கிய நாள் முதல் மாறவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள சேமிப்புக் கணக்கான ஏபிள் கணக்கு தொடங்குங்கள். அதில் 1,00,000 டாலர் வரை இந்த வரம்பில் சேராது. குறைபாடு 26 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2026 ஜனவரி முதல் 46 வயதாகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. பாட்டி தரும் பணத்தைப் பிள்ளையின் சாதாரண வங்கிக் கணக்கில் போடாமல் நேராக அதில் போடச் சொல்லுங்கள். அப்படிப் போட்டால் அது வருமானமாகவும் கணக்கில் வராது.